பள்ளி நூலகத்தில் கவிதை விழா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரப் பள்ளிகளில் நூலகப் பொறுப்பைப் புதிதாக ஏற்கும் ஆசிரியர்கள் கவிதை நாளோ வாசிப்பு விழாவோ நடத்தும்போது உதவிக்குச் சென்று நிற்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அங்கே காணும் தவறுகளில் பாதி, நானும் பொறுப்பேற்ற புதிதில் செய்தவையே. பேனரில் எழுத்துப் பிழை, சிறப்பு விருந்தினரின் நீண்ட உரை போன்றவற்றை ஒரு விழா முடிந்ததும் அவரவரே திருத்திக்கொள்வார்கள். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேதி

உலகக் கவிதை நாளான மார்ச் 21, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பொதுத் தேர்வுக் காலத்தில் வருகிறது. பாரதியார் பிறந்த டிசம்பர் 11 அரையாண்டுத் தேர்வை ஒட்டி வருவதோடு, நம் கடற்கரைக்கு அது மழையும் புயலும் மிரட்டும் மாதம். பாரதிதாசன் பிறந்த ஏப்ரல் 29 அன்று பெரும்பாலும் பள்ளி ஓய்ந்திருக்கும். விழாவின் நோக்கம் மாணவர் வாசிப்பது என்றால், தேர்வு நெருக்கடி இல்லாத நாளே நல்ல நாள். இந்திய நூலகத் துறையின் முன்னோடியான எஸ். ஆர். இரங்கநாதன் பிறந்தநாளான ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த வாரம் தோதாக அமையும்.

பீரோவைப் பூட்டிவிட்டு விழா நடத்துவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைக் கொதிக்க வைக்கும் தவறு இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் நூலக அறையிலேயே கவிதை விழா நடந்தது. மேசைகளை அகற்றி நாற்காலி போட்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவு பீரோக்கள் நான்கையும் மறைத்து ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டியிருந்தார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பாரதியாரின் குயில் பாட்டின் தொடக்கத்தில் வரும் காலைக் கடலையும் மாஞ்சோலையையும் பாடும் பத்து வரிகளைத் திணறாமல் சொல்லிக் கைதட்டல் வாங்கினாள். இறங்கி வந்ததும் என்னிடம், “சார், தலைப்புல குயில்னு இருக்கு, குயிலே வரலையே?” என்று கேட்டாள்.

அவள் கையில் இருந்தது அரைப்பக்க நகல். அந்தப் பாட்டு ஒரு நெடுங்கதை என்பதோ, குயிலின் காதலுக்குக் குரங்கும் மாடும் போட்டிக்கு வருகின்றன என்பதோ, அந்த மாஞ்சோலையைப் பாரதியார் புதுவைக்கு மேற்கே சற்றுத் தொலைவில்தான் வைத்திருக்கிறார் என்பதோ அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் பேனரின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். பாரதியார் கவிதைகள் முழுத் தொகுப்பு, தூசி படிந்த கண்ணாடிக்குப் பின்னால், இரண்டாம் தட்டிலேயே இருந்தது. சாவி வைத்திருந்த ஆசிரியரோ வெளியூர்ப் பயிற்சிக்குப் போயிருந்தார். “நாளைக்கு வாம்மா” என்று அவளுக்குச் சொன்னார்கள். மறுநாள் விடுமுறை; அதன் பிறகு காலாண்டுத் தேர்வு. ஒரு பிள்ளை தானாக வந்து புத்தகம் கேட்ட அந்த நேரம் திரும்பி வருமா? நூறு கைதட்டலுக்கு ஈடான கேள்வியை ஒரு பூட்டு வீணாக்கிவிட்டது.

பூட்டுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தணிக்கையில் ஒரு நூல் குறைந்தாலும் பொறுப்பாசிரியர் கைப்பணத்தில் ஈடுகட்ட நேரும் என்ற அச்சம் பல பள்ளிகளில் இருக்கிறது. ஆனால் அந்த அச்சத்துக்கு நூலகத்தையே பலி கொடுக்க முடியாது. சீர்காழியில் பிறந்த இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதை விளக்கும்போது, ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். நம் பீரோ சாவி அந்தச் சங்கிலியின் மிச்சம்தான்.

ஆகவே விழாவுக்கு முன்பே தலைமையாசிரியரிடம் பேசி, இயல்பாகக் கிழிபடும், தொலையும் நூல்களை எப்படிப் பதிவு செய்வது என்று எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். அரிய பதிப்புகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். பாரதியார், பாரதிதாசன் இருவரின் படைப்புகளும் நாட்டுடைமை ஆனவை என்பதால் மலிவுப் பதிப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஒரே நூலில் ஐந்து படிகள் இருந்தால் ஒன்று தொலைவது பெரிய இழப்பாகாது. மேடையில் எந்தக் கவிதை ஒலிக்கிறதோ அது இடம்பெற்ற முழு நூல், அதே அறையில், கைக்கு எட்டும் மேசையில் இருக்க வேண்டும். வாசலருகே ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவரை வழங்கல் பதிவேட்டோடு அமர்த்தி, பெயர், வகுப்பு, நூலின் பதிவு எண், தேதி ஆகியவற்றைக் குறிக்கச் செய்தால், விழா நடக்கும்போதே நூல்கள் வீட்டுக்குப் போகும். பெரியவர்களைவிட அந்தப் பிள்ளைகள் பதிவேட்டைக் கவனமாக எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மதிப்பெண்

கவிதை வாசிப்புக்கு நடுவர் வேண்டாம்.

எல்லா ஆண்டும் அதே நான்கு பாடல்கள்

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். குயில் பாட்டு, கண்ணன் பாட்டு, பாஞ்சாலி சபதம் மூன்றும் அந்த ஆண்டுகளில் பிறந்தவை. அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்குப் பழகிய சில முழக்க வரிகளோடு நின்றுவிடுகிறார்கள். கண்ணனை வேலைக்காரனாகவும் சீடனாகவும் பாடிய பாடல்களை ஏழாம் வகுப்பில் இருவர் மாறி மாறி வாசித்தால் வகுப்பே சிரித்து மகிழும். கடலூர்ப் பள்ளியாக இருந்தால் திருப்பாதிரிப்புலியூரைப் பாடிய அப்பரும், வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவிய வள்ளலாரும் சொந்த ஊர்க் கவிஞர்கள். புதுச்சேரிப் பிள்ளைகளை ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் உள்ள பாரதியார் இல்லத்துக்கு ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள். போவதற்கு முன் அங்கே எழுதப்பட்ட ஒரு பாடலையாவது வாசித்திருக்கட்டும்.

உடனடிக் கவிதைப் போட்டி

பத்துக் கவிதை படிக்காத மாணவரிடம் பத்து நிமிடத்தில் கவிதை கேட்பது நியாயம் இல்லை.

மறுவாரம்

விழா முடிந்த அடுத்த நூலகப் பாடவேளையைக் கணக்கு வகுப்புக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். நூல் எடுத்துச் சென்ற பிள்ளைகள் திரும்பி வருவது அந்த நேரத்தில்தான். எடுத்ததில் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். படித்து முடிக்கவில்லை என்றால் தேதியை நீட்டித்துப் பதிவேட்டில் குறித்து, அதே நூலை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.