ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வீரர்களுக்காக நடத்தும் தூண்டில் போட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கடற்கரை மாநிலங்களிலும் ஏரிகள் மிகுந்த மாநிலங்களிலும் தூண்டில் போட்டி நடத்தி நற்பணிக்குப் பணம் திரட்டுவது பழகிப்போன வழக்கம். படகுக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம், பெரிய மீனுக்குப் பரிசு, மாலையில் விருந்தும் ஏலமும், செலவு போக மிஞ்சுவது நற்பணிக்கு என்பதே அதன் அமைப்பு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சியும் போட்டிகளும் நடத்தும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பின் மாநிலக் கிளைகளுக்காகவும் இத்தகைய போட்டிகள் நடக்கின்றன. புளோரிடாவின் சூழலை முன்வைத்து இக்கட்டுரையை எழுதுகிறேன். நல்லெண்ணத்தோடு தொடங்கும் இந்தப் போட்டிகளில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பது என் உறுதியான கருத்து: யாருக்காகப் போட்டி நடக்கிறதோ, அவர்களைப் பற்றிய யோசனை ஏற்பாட்டுப் பட்டியலின் கடைசியில் வருகிறது.

முதல் தவறு அறியாமை. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வேறு, பெரும்பாலும் உடற்குறைபாடு உள்ளவர்கள் போட்டியிடும் பாராலிம்பிக்ஸ் வேறு. யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962இல் மேரிலாந்தில் உள்ள தம் வீட்டிலேயே அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குக் கோடைக்கால விளையாட்டு முகாம் நடத்தினார். அதன் தொடர்ச்சியாக 1968 ஜூலை 20 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில் முதல் பன்னாட்டுப் போட்டி நடந்தது. அறிவுசார் குறைபாடு உள்ள, எட்டு வயது நிரம்பிய எவரும் போட்டியிடலாம். மேல் வயது வரம்பு கிடையாது. பங்கேற்க வீரர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரபூர்வ விளையாட்டுகளில் தூண்டில் மீன்பிடிப்பு இல்லை. ஆகவே படகுக்காரர் செலுத்தும் பணம் மீன்பிடிப்புக்கு அல்ல, நீச்சலுக்கும் தடகளத்துக்கும் பயணச் செலவுக்கும் பயிற்சிக்கும் போகிறது. இதை அழைப்பிதழிலேயே தெளிவாக எழுதிவிட்டால், தாம் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் யாரும் கொடுக்க வேண்டியதில்லை. அமைப்பின் பெயரையும் சின்னத்தையும் மாநிலக் கிளையின் எழுத்துபூர்வமான இசைவு பெறாமல் பதாகையில் அச்சிடுவதும் இதே அறியாமையில் பிறக்கும் தவறுதான்.

வீரர் விருந்தாளியல்லர்

மிகவும் வருத்தம் தரும் தவறு இது. பல போட்டிகளில் வீரர்கள் மாலை விருந்துக்கு மட்டும் அழைக்கப்படுகிறார்கள். மேடையில் வரிசையாக நிறுத்தப்பட்டு, பெரிய அட்டைக் காசோலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்கிறார்கள். பகல் முழுவதும் நடந்த மீன்பிடிப்பில் அவர்களுக்கு இடமே இருந்திருக்காது. அவர்களைப் படகில் ஏற்றும் போட்டிகளிலும் இன்னொரு வகைத் தவறு நேர்கிறது. இரையைக் கோப்பதும் தூண்டிலை வீசுவதும் படகோட்டியின் வேலையாகிவிடுகிறது. மீன் கடித்த பிறகு, தூண்டில் நரம்பு இழுபடும் நேரத்தில், கோல் வீரரின் கையில் திணிக்கப்படுகிறது. மேலே வந்த மீனோடு அவரைப் படம் பிடிக்கிறார்கள். அந்த மீனைப் பிடித்தது யார் என்பது வீரருக்கு நன்றாகவே தெரியும். தானே வீசி, தானே காத்திருந்து, வெறும் முள்ளை இழுத்துக்கொண்டு திரும்புகிறவருக்குக் கிடைக்கும் அனுபவம், பிறர் பிடித்த மீனைத் தூக்கிக் காட்டுகிறவருக்குக் கிடைப்பதில்லை.

இதைத் தவிர்ப்பது கடினமன்று. முன்கூட்டியே நேரம் ஒதுக்க வேண்டும், அவ்வளவே. போட்டிக்கு ஓரிரு வாரம் முன்பு கரையோர மேடையில் ஒரு பயிற்சி நாள் வையுங்கள். கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி விடும் மூடிய வகை ரீல், பழக்கமில்லாத கைக்கு மற்ற வகைகளைவிட எளிது; நரம்பும் அதிகம் சிக்காது. தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூர்ப்பகுதியை இடுக்கியால் நசுக்கிவிட்டால், யாருடைய விரலிலாவது முள் ஏறினாலும் எளிதில் எடுத்துவிடலாம், மீனுக்கும் காயம் குறையும். ஒரு நேரத்தில் ஒரு செயலை மட்டும் சொல்லுங்கள்; சொல்வதோடு செய்தும் காட்டுங்கள்; பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் தன்னார்வலர்களுக்கு மிகக் கடினமாக இருக்கிறது, அதுதான் மிகவும் தேவையும்கூட. பயிற்சி நாளில் வீரரும் அவரோடு வரும் படகோட்டியும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டால், போட்டி நாளில் முன்பின் அறியாத ஒருவரின் படகில் ஏறும் பதற்றம் இருக்காது.

பேசும் முறையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தன்னார்வலராக வரும் தமிழர்களுக்கும் இது பொருந்தும். முப்பத்தைந்து வயதுக்காரரைக் ‘குழந்தை’ என்பதும், வயதில் மூத்தவரைக்கூட ஒருமையில் விளிப்பதும், அவருக்கு என்ன வேண்டும் என்று உடன் வந்த தாயிடம் கேட்பதும் நம்மிடம் இயல்பாகவே நடக்கின்றன. அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம்; ஆயினும் அவர் வளர்ந்த மனிதர், அவரிடமே கேட்க வேண்டும். சொற்கள் மாறுவது வீண் சடங்கன்று. 2010 அக்டோபரில் கையெழுத்தான ‘ரோசா சட்டம்’ அமெரிக்க ஒன்றியச் சட்டங்களில் அதுவரை இருந்த பழைய, இழிவாக ஒலித்த சொல்லை நீக்கி, ‘அறிவுசார் குறைபாடு’ என்று பொருள்படும் சொல்லை இட்டது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் குடும்பம் எழுப்பிய குரலால் வந்த சட்டம் அது.

பரிசளிப்பிலும் இரு எதிரெதிரான தவறுகள் உண்டு. அனைவரையும் ஒரே தரவரிசையில் நிறுத்தினால், தானே வீசக்கூடியவரோடு கையைப் பிடித்து உதவி பெறுகிறவர் மோத வேண்டியிருக்கும். மாறாக, எல்லோருக்கும் ஒரே பதக்கத்தைக் கொடுத்துப் போட்டியே நடக்காதது போல முடித்தால், வென்றவரின் வெற்றி காணாமல் போகும். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகளில் வயது, பாலினம், திறன் ஆகியவற்றின்படி வீரர்கள் சிறு பிரிவுகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். முதல் மூவருக்குப் பதக்கமும் அடுத்து வருவோருக்கு ரிப்பனும் உண்டு. அந்த முறையைத் தூண்டில் போட்டிக்கும் கொண்டுவரலாம். அவர்களுடைய உறுதிமொழி தொடங்குவதே ‘நான் வெல்ல வேண்டும்’ என்னும் வேண்டுதலோடுதான். ‘வெல்ல முடியாவிட்டால், முயற்சியில் துணிவு காட்ட வேண்டும்’ என்பது அதற்கு அடுத்தே வருகிறது.

நீரில் நேரக்கூடியவை

படகுப் போட்டிக்குப் பழகியவர்கள் விடியுமுன் கிளம்பி எட்டு மணி நேரம் நீரில் இருப்பதை இயல்பாகக் கருதுவார்கள். அதே கால அட்டவணையை வீரர்கள் மீது சுமத்துவது தவறு. காலை மருந்தின் நேரம், உணவின் நேரம், வெயில் ஆகியவை கணக்கில் வர வேண்டும். சிறிய படகுகள் பலவற்றில் கழிப்பறையே இல்லை என்பதை ஏற்பாட்டாளர்கள் மறந்துவிடுகிறார்கள். இதைக் கேட்கக் கூச்சப்படும் வீரர் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடக்கூடும், புளோரிடா வெயிலில் அது ஆபத்து. மூன்று மணி நேரமோ அரை நாளோ போதும்.

மருத்துவப் படிவத்தை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டுப் படகோட்டியிடம் எதுவும் சொல்லாமல் விடுவது இன்னும் பெரிய தவறு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடையே வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது படகில் உள்ள குறைந்தது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேற்புற எலும்புகள் இரண்டுக்கும் இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கும். அலையில் வேகமாகத் துள்ளிச் செல்லும் படகு கழுத்துக்குத் தரும் அதிர்ச்சி அவர்களுக்குத் தீங்கு செய்யலாம். ஆகவே மருத்துவரின் கருத்தைப் பெற்று, வேகத்தைக் குறைத்து, அதிர்வு குறைவான பின்பகுதியில் அமரவைக்க வேண்டும். குமட்டலைத் தடுக்கும் மாத்திரைகள் பல தூக்கம் வரவழைப்பவை. ஏற்கெனவே உண்ணும் மருந்துகளோடு அவை ஒத்துப்போகுமா என்று கேட்காமல் படகில் எவரும் எடுத்து நீட்டக் கூடாது.

நகரும் படகில் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க ஒன்றிய விதி. தனக்கென வயது வரம்பு வைத்துள்ள மாநிலத்தில் அந்த வரம்பு செல்லும். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்று படகில் இருந்தாலே சட்டம் நிறைவேறிவிடுகிறது என்பதால் பலர் அதை இருக்கைக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். இந்தப் போட்டியில் அப்படி விடக் கூடாது: வீரர், துணைவர், படகோட்டி என அனைவரும் அணிந்திருந்தால், வீரர் மட்டும் தனித்துக் காட்டப்பட மாட்டார். 2021 ஏப்ரல் முதல், 26 அடிக்குக் குறைந்த பெரும்பாலான விசைப்படகுகளில் ஓட்டுநர் தான் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடும் கயிற்றை மாட்டியிருக்க வேண்டும் என்பதும் விதியாகிவிட்டது.

கோடைப் பிற்பகலில் இடி மழை புளோரிடாவுக்குப் புதிதல்ல. இடியோசை கேட்டவுடன் கரைக்குத் திரும்பி, கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் காத்திருப்பதே பாதுகாப்பான வழி. ‘மழை வந்தால் என்ன செய்வோம்’ என்பதை வீரர்களுக்கு முந்தைய நாளே சொல்லிவைத்தால், திடீர் மாற்றத்தால் கலங்குகிறவர்களுக்கு அது பெரிய உதவி. தொடக்கத்தை அறிவிக்கும் ஊதுகுழலின் பேரொலியைக்கூடச் சிலரால் தாங்க முடியாது. கொடியை அசைத்துத் தொடங்கலாம்.

மீனும் உரிமமும்

புளோரிடாவில் 16 வயது நிரம்பியவர்களுக்குப் பொதுவாக மீன்பிடி உரிமம் தேவை. ஆனால் மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகளுக்கான முகமை, வளர்ச்சிக் குறைபாட்டுக்கான சேவை பெறுபவராக ஏற்றுக்கொண்ட ஒருவருக்கு விலக்கு உண்டு. அதற்கான சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். இதை அறியாமல் கட்டணம் செலுத்துவோரும் உண்டு, சான்றில்லாமல் வந்து சங்கடப்படுவோரும் உண்டு. அட்லாண்டிக் கடலில் சூரை, சுறா, வாள்மீன் போன்றவற்றுக்குப் பரிசு அறிவித்தால், போட்டி தொடங்குவதற்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே ஒன்றிய அரசின் கடல், வளிமண்டல முகமையான நோவாவில் பதிவுசெய்ய வேண்டும்.

பெரிய மீனின் எடைக்கு மட்டும் பரிசு வைப்பது இத்தகைய போட்டிக்குப் பொருந்தாது. அளவுப் பலகையில் வைத்துப் படம் எடுத்து உடனே நீரில் விடும் முறை மீனுக்கும் நல்லது, வீரருக்கும் நல்லது. முதல் மீன், மிகச் சிறிய மீன், அதிக வகை மீன் என்று பிரிவுகளையும் கூட்டலாம். நம்பகத்தைக் காக்க, அன்று காலையில்தான் தெரிவிக்கப்படும் ஓர் எண்ணட்டை படத்தில் இருக்க வேண்டும் என்ற விதி போதும். நற்பணிப் போட்டியில் யார் ஏமாற்றப்போகிறார்கள் என்று விட்டுவிடக் கூடாது: 2022 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் நடந்த ஈரி ஏரிப் போட்டியில், மீன்களின் வயிற்றுக்குள் ஈயக்குண்டுகள் கண்டெடுக்கப்பட்டு, இருவர் சிறை சென்றார்கள். அது பரிசுப் பணத்துக்கான போட்டி. பணப் பரிசு பெரிதாகும் இடமெல்லாம் அந்தத் தூண்டுதலும் வரும். கரையோர மேடையில் கெளுத்தி மீன் சிக்கினால், அதன் துடுப்பு முள் குத்திக் கடுக்கும் என்பதால், தூண்டிலிலிருந்து அதைக் கழற்றும் வேலையை அனுபவமுள்ள ஒருவரிடமே விட வேண்டும்.

கணக்கு

வசூலான மொத்தத் தொகையை ‘வீரர்களுக்கு வழங்கினோம்’ என்று அறிவிப்பது நேர்மையன்று. ஓர் எடுத்துக்காட்டாக, 60 படகுகள் தலா 300 டாலர் கட்டினால் 18,000 டாலர் வரும். பரிசுக்கு 9,000, உணவுக்கும் சட்டைக்கும் 5,000, காப்பீட்டுக்கும் பிறவற்றுக்கும் 2,000 போனால், வீரர்களைச் சேர்வது 2,000 மட்டுமே. பரிசுகளையும் உணவையும் புரவலர்களிடம் பொருளாகக் கேட்டுப் பெற்றாலே இந்தக் கணக்கு தலைகீழாகும். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற மூன்று எண்களையும் ஒரே தாளில் வெளியிட வேண்டும்.

முழு நுழைவுக் கட்டணத்துக்கும் வரிவிலக்கு உண்டு என்று சொல்வதும் தவறு. விருந்து, சட்டை, போட்டியிடும் உரிமை ஆகியவற்றின் சந்தை மதிப்பைக் கழித்த பிறகு எஞ்சுவதே நன்கொடை. கட்டணம் 75 டாலரைத் தாண்டினால், இதை நற்பணி அமைப்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குலுக்கல் சீட்டு வாங்கிய பணம் நன்கொடையாகாது. புளோரிடாச் சட்டப்படி நற்பணி அமைப்பு நடத்தும் குலுக்கலில், பணம் கொடுத்தால்தான் சீட்டு என்று நிபந்தனை வைக்கவும் முடியாது. கொடுக்காதவருக்கும் சீட்டு தர வேண்டும்.

போட்டி முடிந்ததும் குழு கலைந்துவிடுவதும், அடுத்த ஆண்டு அதே பிழைகள் திரும்புவதும் வழக்கமாகிவிட்டன. பரிசளிப்பு மேடையில் புரவலர்கள் பேசுவதற்கு முன் ஒரு வீரர் பேசட்டும். பேச்சைத் தயாரிக்க அவருக்கு இரண்டு வாரமாவது கொடுங்கள். அவரது படத்தை வெளியிடுமுன் அவரிடமும், சட்டப்படிக் காப்பாளர் இருந்தால் அவரிடமும் இசைவு பெறுங்கள். அடுத்த ஆண்டின் முதல் திட்டமிடல் கூட்டத்துக்குப் படகோட்டிகளையும் பொருளாளரையும் அழைக்கும்போதே இரண்டு வீரர்களையும் அழைத்து, எந்தப் படகுத்துறையிலிருந்து கிளம்பலாம், எத்தனை மணிக்கு, யாருடைய படகில் என்பதை அவர்களிடமே கேளுங்கள்.