ஃபைட்டர் மீன் வளர்க்க: முதலில் தண்ணீர், அப்புறம் மீன்

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஃபைட்டர் மீனைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வரிசையாக வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தே, வீட்டிலும் ஒரு ஊறுகாய் பாட்டில் போதும் என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தலைக்குள் இருக்கும் லேபிரிந்த் என்ற உறுப்பால் இந்த மீன் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். அதனால்தான் டப்பாவில் மூச்சு முட்டாமல் பிழைத்துக் கிடக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரில் சேரும் தன் கழிவின் அம்மோனியாவிலிருந்து அதற்குத் தப்பிக்க வழியே இல்லை.

என் கணக்கில் ஒரு மீனுக்கு 20 லிட்டர் தொட்டி. காற்று பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், நீரோட்டம் மெதுவாக இருக்கட்டும். நீண்ட துடுப்பை வைத்துக்கொண்டு வேகமான ஓட்டத்தில் நீந்த அதனால் முடியாது. துள்ளி வெளியே விழும் மீன், ஆகவே மூடி கட்டாயம். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் காற்றுக்கு இடம் விடுங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மீன் கடையில் கேட்டால் ஆன்டி குளோரின் தருவார்கள், பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி விடுங்கள். அப்புறம் மீன் இல்லாமலே ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஓரிரு குருணை தீனி போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும். அதைத் தின்னும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற நாலைந்து வாரம்கூட ஆகலாம். ஏற்கெனவே மீன் வளர்ப்பவர் தெரிந்தால், நோயில்லாத தொட்டியின் பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். காத்திருப்பு நிறையக் குறையும். அம்மோனியா, அதை பாக்டீரியா மாற்றும்போது உண்டாகும் நைட்ரைட், இரண்டும் தண்ணீர் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகு மீனை விடலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வாதாம் இலை. சென்னைத் தெருக்களில் குடை மாதிரி கிளை விரித்து நிற்கும் நாட்டு வாதாம் மரத்தின் இலைதான். பச்சை இலை வேண்டாம். தானாக உதிர்ந்து பழுப்பாகக் காய்ந்ததை எடுங்கள். பூச்சிமருந்து அடித்த இடத்தில் பொறுக்காதீர்கள். நன்றாகக் கழுவிப் போட்டால் முதலில் மிதக்கும், ஊறியதும் அடியில் இறங்கும், தண்ணீர் இளம் பழுப்பாகும். பயப்பட வேண்டாம், அது இலையிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள். ஃபைட்டர் இலைக்கடியில் போய் ஒதுங்கிக்கொள்ளும், சில சமயம் அதன்மேல் படுத்தும் கிடக்கும்.

தீனி: காலையும் மாலையும் இரண்டு மூன்று குருணை. மிச்சம் மிதந்தால் எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கிய தண்ணீரால். ஸ்பாஞ்சைக் குழாயில் அலசினால் பாக்டீரியா செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள். 24 முதல் 28 டிகிரி வெப்பம் மீனுக்கு ஒத்துவரும். மார்கழி இரவுகளில் தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் சின்ன ஹீட்டர் வேண்டும்.

இரண்டு ஆண்களை ஒன்றாக விடவே கூடாது, கடித்துக் குதறிவிடும். பெண்ணையும் சும்மா துணைக்கு விடாதீர்கள்.

துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றாலோ, தீனியைத் திரும்பிப் பார்க்காவிட்டாலோ, மருந்து வாங்க ஓடாதீர்கள். முதலில் அம்மோனியா சோதித்து, கால்வாசித் தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.