விலகல் செய்தி வந்த அன்று நாவலிலிருந்து எடுத்த தொடரைப் பற்றி வாதாடுவது எப்படி

'தி வீல் ஆஃப் டைம்' தொடரின் முதல் சீசன், ஆறாவது எபிசோடு முடியும் இடம். வழிகள் என்ற இருட்டுப் பாதையின் கல்வாசல் திறக்கிறது. ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள். கதையின் முக்கிய இளைஞர்களில் ஒருவனான மேட் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கிறான். உள்ளே போனவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவன் நகரவில்லை. வாசல் மூடிக்கொள்கிறது.

தொடருக்கு மூலமான ராபர்ட் ஜோர்டனின் நாவலில் அவன் மற்றவர்களோடு உள்ளே போவான். அந்த 14 பாகங்களையும் இரண்டு முறை படித்தவன் நான். அன்று இரவு நண்பர்கள் ஆறு பேரும் போனில் பேசினோம். பேசினோம் என்பதைவிட, நான் கத்தினேன். மேட்டைக் கோழையாக்கிவிட்டார்கள், எழுதியவர்களுக்கு நாவலே புரியவில்லை என்றேன். பதிலுக்கு ஒரு தோழி கோபப்பட்டு இணைப்பைத் துண்டித்தாள். அதன்பின் ஒரு மாதம் அவள் எங்களோடு பேசவில்லை.

நடந்தது வேறு. மேட்டாக நடித்த பார்னி ஹாரிஸ், பெருந்தொற்றால் நின்றுபோன படப்பிடிப்பு மறுபடி தொடங்கியபோது திரும்பி வரவில்லை. கடைசி இரண்டு எபிசோடுகளையும் மேட் இல்லாமல் மாற்றி எழுத வேண்டி வந்தது. அவர் அடுத்த சீசனில் இல்லை என்ற செய்தியைத் தொடர் வெளிவரும் முன்பே நான் படித்திருந்தேன். படித்தும், வாசலில் நின்ற மேட்டையும் அந்தச் செய்தியையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகுதான் கீழே சொல்லும் முறையைப் பழக்கிக்கொண்டேன்.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்தில் 'பார்த்தது', வலது பக்கத்தில் 'கேள்விப்பட்டது' என்று எழுதுங்கள். திரையில் நீங்களே கண்டது மட்டும் இடது பக்கம் போகும். விலகல், சண்டை, பட்ஜெட் வெட்டு, மறுபடி எடுத்த காட்சிகள் எல்லாம் வலது பக்கம். நண்பர்களோடு பேசும்போது எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். 'பார்த்ததிலிருந்து சொல்றேன்' என்று தொடங்கினாலே பேச்சின் சூடு பாதி தணிந்துவிடுகிறது. எங்கள் ஆறு பேருக்குள் இன்று இது ஒரு விதி.

விலகல் செய்தி வந்தால் வலது பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: யார், என்ன வேலை, தொடர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது.

என்ன வேலை என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு எபிசோடின் இயக்குநர் போனால் அந்த எபிசோடு மாறும். ஷோரன்னர் போனால் வீட்டின் தலைவாசலே திசை மாறிவிடும். எழுத்தாளர் குழுவைச் சேர்ப்பவர், நாவலில் எதை எடுப்பது எதை விடுவது என்று முடிவு செய்பவர், படத்தொகுப்பில் கடைசி வார்த்தை சொல்பவர் பெரும்பாலும் அவர்தான். நிர்வாகத் தயாரிப்பாளர் என்ற பட்டம் அப்படியில்லை. அன்றாடம் உழைப்பவருக்கும் அது உண்டு, உரிமையை விற்றவருக்கும் உண்டு, விலகிப் போனவரின் பெயரோடும் அது டைட்டிலில் தொடர்வது உண்டு. அதனால் பட்டத்தை விட்டுவிட்டு வேலையைக் கேளுங்கள்.

ஷோரன்னர் போனால் என்ன ஆகும் என்பதை 'அமெரிக்கன் காட்ஸ்' தொடரில் பார்க்கலாம். 2017 ஏப்ரல் இறுதியில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் பிரையன் ஃபுல்லர், மைக்கேல் கிரீன் என்ற இரண்டு ஷோரன்னர்களும் விலகினார்கள். பின்னாலேயே நடிகைகள் கில்லியன் ஆண்டர்சனும் கிறிஸ்டின் செனோவெத்தும் இரண்டாவது சீசனுக்கு வரவில்லை. அடுத்து வந்த ஜெஸ்ஸி அலெக்சாண்டரும் தன் சீசன் வெளிவருவதற்கு முன்பே பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். மூன்றாவது சீசனுக்கு மூன்றாவது கை. 2021-இல் 26 எபிசோடுகளோடு தொடர் நின்றது, கதை முடியாமலே. இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண்டர்சன் நடித்தது ஊடகத் தெய்வம். அவர் போனதும் அந்தத் தெய்வம் புது ஊடகமாக வேறு உடலில் வந்தது. கதைக்குள்ளேயே அதற்கு இடம் இருந்தது, அந்த உலகத்தில் தெய்வங்கள் காலத்துக்கேற்ப மாறுபவர்கள்தானே. ஆனால் முதல் சீசனின் அந்த நிறமும் நிதானமும் திரும்பவே இல்லை. நடிகர் போன ஓட்டையைக் கதையால் அடைக்க முடிந்தது. ஷோரன்னர் போன ஓட்டையை அடைக்க முடியவில்லை.

மூன்றாவது கேள்வி, எந்தக் கட்டம்? வாதத்தில் அதிகம் கைகொடுப்பது இதுதான். 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' 2022 ஆகஸ்ட் 21 அன்று தொடங்கியது. அந்த மாத இறுதியில், இரண்டு ஷோரன்னர்களில் ஒருவரான மிகெல் சபோச்னிக் விலகுகிறார் என்று செய்தி. அடுத்த எபிசோடு பார்த்துவிட்டு எங்கள் நண்பர் ஒருவர், "பாத்தீங்களா, அவர் போனது இப்பவே தெரியுது" என்றார். நோட்டைத் திறந்து காட்டினேன். பத்து எபிசோடுகளும் எடுத்து முடிந்துவிட்டன. அது மட்டுமா, சபோச்னிக்கே இயக்கிய ஆறாவதும் ஏழாவதும் இன்னும் வரவேண்டியிருந்தன. அவர் இல்லாத தொடர் எப்படி இருக்கும் என்று தெரிய 2024 ஜூன் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'வீல் ஆஃப் டைம்' முதல் சீசன் 2021 நவம்பரில் வெளிவருவதற்குள் இரண்டாவது சீசன் படப்பிடிப்பே தொடங்கியிருந்தது. முதல் சீசனைப் பற்றி நாம் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்திக்கொள்ள அவர்களுக்கு மிஞ்சி இருந்த நேரம் மிகக் குறைவு. "அவ்வளவு சொல்லியும் கேக்கலியே" என்று இரண்டாவது சீசனைப் பார்த்துக் கோபப்படுவதற்கு முன் தேதியைப் பாருங்கள்.

ஏன் விலகினார் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம், ஆனால் அதை வெறுமையாக விடக் கற்றுக்கொள்ள வேண்டும். கதாநாயகனாக நடித்த ஹென்றி கேவில் 'தி விட்சர்' தொடரை விட்டுப் போவதாக 2022 அக்டோபர் 29 அன்று அறிவித்தார். அதே அறிவிப்பில் அவருக்குப் பதில் லியாம் ஹெம்ஸ்வொர்த் என்பதும் இருந்தது. காரணம் என்று எதையும் அவர் விரித்துச் சொல்லவில்லை. ஒரே வாரத்தில் அந்த வெற்றிடத்தை ரசிகர்கள் நிரப்பிவிட்டார்கள். அவர் நாவல்களை நேசிப்பவர் என்று எல்லோருக்கும் தெரியும், ஆகவே நாவலுக்காகச் சண்டை போட்டு வெளியேறினார் என்று ஒரு கதை உருவானது. அது உண்மையாகவும் இருக்கலாம். என் நோட்டில் அந்த வரி இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. ஒப்பந்தம், உடல்நலம், குடும்பம், வேறு படம், சம்பளம், மனக்கசப்பு, இதில் எதை வேண்டுமானாலும் 'கருத்து வேறுபாடு' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவார்கள். மூடியதைத் திறக்க நம்மிடம் சாவி இல்லை.

சரி, இனி இடது பக்கத்துக்கு வருவோம். நாவலில் இருந்து மாறிய ஒவ்வொரு காட்சியையும் இரண்டாகப் பிரியுங்கள்: ஆள் போனதால் மாறியது, வேண்டுமென்றே மாற்றியது. மேட் வாசலில் நின்றது முதல் வகை. அதே சீசனில் மேட்டின் ஊர் நண்பன் பெர்ரினுக்கு ஒரு மனைவி இருந்ததும், முதல் எபிசோடிலேயே போரின் வெறியில் அவளை அவனே தவறுதலாகக் கொன்றதும் இரண்டாவது வகை. நாவலில் அப்படி ஒரு மனைவி கிடையாது.

இந்த இரண்டாவது வகையில்தான் நல்ல வாதத்துக்கு இடம் இருக்கிறது. நாவலில் அந்த இடம் என்ன வேலை செய்தது, திரையில் அந்த வேலை நடந்ததா என்று கேளுங்கள். நாவலில் பெர்ரின் தன் பலத்துக்கே பயப்படுபவன். சின்ன வயதிலேயே உடம்பு பெரிதாகிவிட்டதால், யாரையாவது தெரியாமல் காயப்படுத்திவிடுவோமோ என்று எதையும் நிதானமாகச் செய்வான். இதெல்லாம் அவன் மனதுக்குள் பக்கம் பக்கமாக ஓடும். திரைக்கு மனதுக்குள் ஓடுவது உதவாது, கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதனால் ஒரு மரணத்தை வைத்தார்கள். வைத்த காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் மனைவியைக் கொன்றவனின் துக்கம் ஒரு சீசன் முழுவதையும் கேட்கும். அந்த இடத்தை அவர்கள் தரவில்லை. ஓரிரு எபிசோடுகளில் அவள் பெயரே அரிதாகிவிட்டது. ராபர்ட் ஜோர்டன் இறந்தபின் கடைசி மூன்று பாகங்களை எழுதி முடித்த பிராண்டன் சாண்டர்சன் இந்தத் தொடருக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர். மனைவிக்குப் பதில் பெர்ரினுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த கொல்லர் லுஹானாக வைக்கலாம் என்று தான் சொன்னதாக அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். நல்ல யோசனை அது. குற்ற உணர்ச்சி அப்படியே இருந்திருக்கும், கதையும் அதன் பாரத்தைத் தாங்கியிருக்கும். ஆலோசகர் சொல்லலாம், முடிவு அவர் கையில் இல்லை என்பதும் இதில் தெரிகிறது.

நாவலாசிரியர் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். அவர் விலகியது செய்தியாகவே வராமல் போகலாம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் நான்கு சீசன்களுக்கும் தலா ஒரு எபிசோடு எழுதினார், அதன்பின் எழுதவில்லை. எர்த்ஸீ கதைகள் 2004-இல் குறுந்தொடராக வந்தபோது, தன் கதை மாந்தர்களின் நிறத்தையே மாற்றிவிட்டார்கள் என்று அர்சுலா லெ குவின் பகிரங்கமாக எழுதினார். அவர் பக்கம் நியாயம் இருந்தது, அவர் உலகில் பெரும்பாலோர் வெள்ளையர் இல்லை. ஆசிரியர் பெயர் டைட்டிலில் இருப்பதை மட்டும் வைத்து 'அவரே ஒத்துக்கிட்டார்' என்று வாதத்தை முடித்துவிடாதீர்கள்.

புதிதாக வரும் நடிகரைப் பற்றிப் பேச என் வழி ஒன்றுதான். அவர் நடித்ததில் ஒரு முழுக் காட்சியைப் பார்க்காமல் வாய் திறப்பதில்லை. ஸ்டில்லும் டிரெய்லரும் கணக்கில் சேராது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்கு முதலில் எடுத்து ஒளிபரப்பாமல் விட்ட முன்னோட்ட எபிசோடில் டெனேரிஸாக நடித்தவர் டாம்சின் மெர்ச்சன்ட். அதில் பெரும்பகுதியை மறுபடி எடுத்தபோதுதான் எமிலியா கிளார்க் வந்தார். இன்று வேறொரு டெனேரிஸை யாராலும் நினைக்க முடியுமா? மலை என்ற கிரெகர் கிளகேனாக மூன்று பேர் நடித்தார்கள். மேட் விஷயத்திலும் அப்படித்தான். இரண்டாவது சீசனில் டோனல் ஃபின் வந்தார். அந்த சீசனின் கடைசி எபிசோடில் இறந்த வீரர்களை அழைக்கும் கொம்பை மேட் ஊதியபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர். வாசலில் நின்றவனும் இவனும் ஒரே மேட் என்று மனது அப்போது ஒத்துக்கொண்டது.

பேச்சை நடத்தும் விதத்தில் ஒரு மாற்றம் செய்து பாருங்கள். நாவலைப் படிக்காதவர் முதலில் பேசட்டும். படித்தவர்கள் முந்திக்கொண்டால் படிக்காதவர்கள் வாயே திறக்க மாட்டார்கள், கூடவே அடுத்த பாகத்து ரகசியமும் கசிந்துவிடும். அன்று இணைப்பைத் துண்டித்த தோழி நாவலைப் படிக்காதவள். ஒரு மாதம் கழித்து அவளையே முதலில் பேசச் சொன்னோம். "அவன் சின்ன வயசிலேர்ந்து வீட்டுல யாரையும் நம்ப முடியாம வளர்ந்தவன். அவன் எடுத்து வெச்சிருந்த அந்தச் சாபக் கத்தி வேற அவனை உள்ள தின்னுருச்சு. அந்த இருட்டுக்குள்ள போக அவனுக்குத் தைரியம் வரல. எனக்கு அது புரிஞ்சுது" என்றாள். படப்பிடிப்பில் ஆள் இல்லாததால் அவசரமாகப் போட்ட ஒட்டு அது. அவள் அதற்குள் ஒரு முழு மனிதனைப் பார்த்திருக்கிறாள். அன்று நான் எதுவும் சொல்லவில்லை. நோட்டின் இடது பக்கத்தில் அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

தொடர் நடுவில் நின்றுவிட்டால் யார் விலகியதால் நின்றது என்ற தேடல் உடனே கிளம்பும். அப்போதும் வலது பக்கத்துக்கு வேண்டியது தேதி மட்டுமே. 'வீல் ஆஃப் டைம்' மூன்று சீசன்களோடு 2025 மே மாதம் நிறுத்தப்பட்டது. மூன்றாவது சீசன் பெரும்பாலும் நாவலின் நான்காம் பாகம், அதுவும் மூன்றில் சிறந்த சீசன் என்பது என் கருத்து. செய்தி வந்த இரவு ஆறு பேரும் போனில் இருந்தோம், யாரும் யாரையும் திட்டவில்லை. தோழிதான் கேட்டாள், அப்புறம் மேட்டுக்கு என்ன ஆகும் என்று. சொல்ல மாட்டேன் என்றேன். இப்போது ஐந்தாம் பாகத்தை ஞாயிறுதோறும் ஒரு அத்தியாயமாகச் சத்தமாகப் படிக்கிறோம். மேட் பேசும் இடங்களை அவள்தான் படிக்கிறாள்.