நான்கு பக்கம் அளந்தால் மட்டும் போதாது

மனை வாங்கப் போகிறவர்கள் டேப்பைப் பிடித்து நான்கு பக்கமும் அளப்பார்கள். அப்புறம் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்கிச் சதுர அடி சொல்லிவிடுவார்கள். மனை சரியான செவ்வகமாக இருந்தால் இது பொருந்தும். கோணலாக இருந்தால் விடை எப்போதும் கூடுதலாகத்தான் வரும். இல்லாத நிலத்துக்கு வாங்குபவர் பணம் கொடுப்பார். எனக்கு மனம் பொறுக்காத தவறு இதுதான்.

வரிசையாக 30, 40, 50, 60 அடி பக்கங்கள் உள்ள மனையை எடுத்துக்கொள்வோம். மேற்சொன்ன கணக்குப்படி 40 × 50 = 2,000 சதுர அடி. 30, 40 அடிப் பக்கங்கள் ஒருபுறமும் மற்ற இரண்டும் மறுபுறமும் விழும்படி மூலைக்கு மூலை அளந்தால் 50 அடி வருகிறது என்று வையுங்கள். இப்போது இரண்டு முக்கோணங்கள். 30, 40, 50 செங்கோண முக்கோணம், பரப்பு 600. அடுத்தது 50, 50, 60. இதற்கு ஹெரான் சூத்திரம்: பக்கங்களின் கூட்டல் 160, அதில் பாதி, அதாவது அரைச்சுற்றளவு, 80. இதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, வரும் மூன்று எண்களையும் 80ஐயும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் பரப்பு. 80 × 30 × 30 × 20 = 14,40,000; வர்க்கமூலம் 1,200. மொத்தம் 1,800தான். 200 சதுர அடி, கிட்டத்தட்ட அரை சென்ட், காணோம்!

அதே மூலைவிட்டம் 40 அடியாக இருந்தால் பரப்பு சுமார் 1,548க்கு இறங்கிவிடும். பக்கங்கள் மாறவே இல்லை. நான்கு குச்சிகளை மூலைக்கு ஓர் ஆணி அடித்துச் சேர்த்துத் தள்ளிப் பாருங்கள், சட்டம் சாயும். மூன்று குச்சி சாயாது. அதனால்தான் முக்கோணத்துக்குப் பக்கங்கள் போதும், நாற்கரத்துக்கு ஒரு மூலைவிட்டமும் வேண்டும்.

ஹெரானில் பாதியாக்க மறந்து 160ஐயே போட்டால் விடை 13,900ஐத் தாண்டும்; பார்த்ததுமே தெரிந்துவிடும். வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்தால் அப்படி ஒரு முக்கோணமே கிடையாது, டேப்பை மறுபடி பிடியுங்கள்.

இணைகரத்தில் சாய்ந்த பக்கத்தை உயரமாக எடுப்பது பள்ளிப் பிள்ளைகள் அடிக்கடி செய்வது. பக்கங்கள் 10, 8 என்றால் 80 என்று எழுதிவிடுவார்கள். 10 அடிப் பக்கத்துக்குச் செங்குத்துயரம் 6 என்றால் பரப்பு 60.

அங்குலத்தையும் கவனியுங்கள். 40 அடி 10 அங்குலத்தைக் கால்குலேட்டரில் 40.10 என்று தட்டுகிறார்கள். 10ஐ 12ஆல் வகுக்க வேண்டும், அது 40.83. நீளம் 60 அடியானால் இதில் மட்டும் 44 சதுர அடி குறைந்துபோகும்.