கார்பன் பங்காவும் வெண்கலக் கையும்

மும்பைப் படகுத்துறைகளில் புரொப்பல்லருக்குப் 'பங்கா' என்றுதான் பெயர். இங்கே வேலை பார்க்கும் தமிழ் மெக்கானிக்குகளும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். பங்கா வளைந்துவிட்டால் ரே ரோடு பக்கம் தாருகானாவுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். காய்ச்சி, தட்டி, உரசி நிமிர்த்திக் கொடுத்துவிடுவார்கள். வெண்கலம் அத்தனை பொறுமையான உலோகம். இப்போது உல்லாசப் படகுகளிலும் பாய்ப்படகுகளிலும் கார்பன் ஃபைபர் பங்கா ஒன்றிரண்டு தலைகாட்டுகிறது. என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை பொருளின் குறையால் கெட்டவை அல்ல. வெண்கலத்தில் பழகிய கை அவற்றைக் கெடுத்திருந்தது.

கோளாறு கடையிலேயே தொடங்குகிறது. கறுப்பாக இருப்பதெல்லாம் ஒரே சரக்கு என்று நினைக்கிறார்கள். நைலானில் துண்டு துண்டாக நறுக்கிய இழையைக் கலந்து அச்சில் வார்ப்பது ஒரு வகை. நீளமான கார்பன் இழையை அடுக்கடுக்காக, எந்தத் திசையில் விசை வருமோ அதற்கேற்பப் படுக்கவைத்து, எபாக்சி பிசினில் இறுக்குவது வேறு வகை. முதல் வகை, படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் சின்ன அவுட்போர்டு எஞ்சினுக்குப் போதும். கல்லில் பட்டால் இறக்கை உடைந்து கியரைக் காப்பாற்றும். அதுவும் ஒரு சேவைதான். ஆனால் அதை இரண்டாம் வகையின் விலைக்கு வாங்கிவந்தவரைப் பார்த்திருக்கிறேன். இழை நீளமானதா, நறுக்கியதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தப்பித்திருப்பார்.

எடை விஷயத்திலும் ஆசை மிஞ்சிவிடுகிறது. நிக்கல் அலுமினிய வெண்கலம் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7.6 கிராம்; கார்பன் எபாக்சி சுமார் 1.6 கிராம். உடனே ஐந்தில் ஒரு பங்கு எடைதான் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கார்பன் இறக்கை வெண்கலத்தைவிடத் தடிமனாக இருக்கும். நடுவிலுள்ள குடம் பல மாடல்களில் உலோகம்தான். ஆகவே அந்தக் கணக்கு நிற்காது. எடை குறைந்ததால் டீசல் மிச்சமாகும் என்பது அதைவிடப் பெரிய ஆசை. 6 டன் படகில் சில கிலோ குறைந்தால் எஞ்சினுக்கு என்ன தெரியப்போகிறது? பலன் இருப்பது வேறு இடத்தில்: பங்காவைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டின் பேரிங்குக்குச் சுமை குறையும், கியர் மாற்றும்போது வரும் 'டமால்' அடங்கும், அதிர்வு குறையும். ஜப்பானில் 2014-இல் 'தைகோ மாரு' என்ற 499 டன் ரசாயனக் கப்பலுக்குப் பிரதானப் புரொப்பல்லராகவே கார்பன் இழைப் புரொப்பல்லரைப் பொருத்தினார்கள். எனவே இது பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள் என்று தள்ளிவிடவும் முடியாது.

இனி, எனக்கு அதிகம் தலைவலி தந்த தவறுக்கு வருகிறேன். செம்பூரில் இருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் பாய்ப்படகு உண்டு. எஞ்சினிலிருந்து கீழே இறங்கும் கால் அலுமினியம். அதில் கார்பன் பங்கா. தீபாவளி முடிந்து கடலில் இறக்கினோம். பொங்கலுக்கு முன்பே போன் வந்தது. "தம்பி, ஜிங்க் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கரைந்தே போய்விட்டது" என்றார். படகின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே மாட்டும் அந்தத் துத்தநாகக் கட்டி வழக்கமாக ஒரு சீசன் தாங்கும். படகை மேலே ஏற்றிப் பார்த்தால் அலுமினியக் காலில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. துடைத்ததும் கடுகளவு குழிகள் தெரிந்தன.

கடல்நீரில் இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால் அங்கே ஒரு பாட்டரி உருவாகிறது. இரண்டில் இளைத்தது அரிபடும். கார்பன் உலோகம் இல்லைதான், ஆனால் மின்சாரம் கடத்தும். கடல்நீரில் எது எளிதில் அரிபடும், எது அரிபடாது என்று வரிசைப்படுத்தினால் அது அரிபடாத கோடியில், பிளாட்டினத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அலுமினியம் ஏறக்குறைய மறுகோடியில். இரண்டும் தொட்டுக்கொண்டால் முதலில் துத்தநாகம் போகும், பிறகு அலுமினியக் கால் போகும். இதைத் தடுக்கத்தான் கார்பனுக்கும் உலோகத்துக்கும் நடுவே கண்ணாடி இழை அடுக்கோ நைலான் வாஷரோ வைக்கிறார்கள். அண்ணாச்சியின் பங்காவைச் சுத்தம் செய்ய எடுத்துப்போன பட்டறையில் இறக்கைகளைத் தனித்தனியாகக் கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது போல்ட்டுக்கு அடியில் இருந்த வெள்ளை நைலான் வாஷர்களைக் குப்பை என்று எறிந்துவிட்டு, பளபளவென்று ஸ்டீல் வாஷர் போட்டிருந்தார்கள். நல்ல எண்ணம்தான்! மல்டிமீட்டரின் ஒரு முனையைக் குடத்திலும் மற்றொன்றை இறக்கையில் பிசின் உரிந்து கறுப்பு தெரிந்த இடத்திலும் வைத்தேன். 'பீப்' என்றது. நடுவே மின்காப்பு சரியாக இருந்திருந்தால் அது வாயே திறந்திருக்காது. பங்காவைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும், ஈரம் காய்ந்த பிறகு, இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். இரண்டு நிமிடம் ஆகாது.

கழற்றுவதிலும் பழைய பழக்கம் உதைக்கும். ஷாஃப்டின் கூம்பில் இறுகிப்போன வெண்கலப் பங்காவின் குடத்தை நெருப்பால் சூடாக்கி, ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடும். கார்பனில் அதே வேலையைச் செய்தால் பங்கா போயிற்று. வழக்கமான எபாக்சி பிசின்கள் பல 80 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் இளகத் தொடங்கிவிடும். கேஸ் டார்ச்சின் சுடர் அந்தச் சூட்டைச் சில நொடிகளில் தாண்டிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே பிடிப்புத் தளர்ந்திருக்கும். புல்லர் போட்டு மெதுவாக இழுங்கள். வரவில்லை என்றால் நாளைக்கு இழுங்கள்.

அடிபட்ட பிறகு நடக்கும் தவறு இதற்கு அண்ணன் முறை. வெண்கலம் அடிபட்டால் வளைந்து நின்று உண்மையைச் சொல்லிவிடும். கார்பன் இறக்கை அடி வாங்கி, வில்லைப் போலப் பழைய இடத்துக்கே திரும்பி, ஒன்றும் நடக்காததுபோல நிற்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். மும்பைக் கடலில் அடிபட வாய்ப்புக்குப் பஞ்சமில்லை. பெரிய வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 5 மீட்டர் வித்தியாசம் வருகிறது. காலையில் மிதந்த இடத்தில் மாலையில் பாறை பல் காட்டும். கணபதி கரைத்த பிறகு சட்டமும் தேங்காயும் மிதக்கும். அறுந்த வலைத்துண்டு ஆண்டு முழுவதும் உண்டு.

எதிலாவது பட்டது என்று தெரிந்தால் படகை மேலே ஏற்றி, ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் இறக்கை முழுவதையும் விரல் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கூர்மையாகச் சொல்லும். அடுக்கு பிரிந்த இடம் 'பொத்' என்று மங்கும். இளநீர் தட்டிப் பார்த்துப் பழகிய காதுக்கு இது ஒன்றும் புதிதல்ல. நாணயத்துக்குப் பிடிபடாத பிளவும் உண்டு. அதனால் பலத்த அடி என்றால் தயாரிப்பாளரிடம் காட்டாமல் மறுபடி ஓட்டாதீர்கள்.

விளிம்பு பெயர்ந்திருந்தால் அரத்தை எடுத்து உரசிச் சமன் செய்யும் கை ஒன்று எல்லாப் படகிலும் உண்டு. அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். உரசிய இடத்தில் இழை வெறுமையாகிவிடும். அதன் வழியே தண்ணீர் ஏறும், நான் மேலே சொன்ன பாட்டரியும் அங்கே தொடங்கும். பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மின்சாரம் கடத்தும் தூசி என்பதால் எஞ்சின் அறையின் ஒயர்களுக்கும் ஆகாது.

பிட்ச் எண்ணை, அதாவது ஒரு சுற்றுக்குப் பங்கா எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்ற கணக்கை, அப்படியே நகலெடுப்பதும் பரவலான தவறு. பழையதில் 16-க்கு 12 (விட்டம் 16 அங்குலம், பிட்ச் 12 அங்குலம்) என்று பொறித்திருந்தால் புதியதும் அதேதான் என்று ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். கார்பன் இறக்கை சுமை ஏறும்போது கொஞ்சம் வளைந்து முறுக்கிக்கொள்ளும்; சில தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே அப்படி வடிவமைக்கிறார்கள். நிற்கும்போது இருக்கும் பிட்ச் ஓடும்போது இருக்காது. எஞ்சின் விவரம், கியர் விகிதம், படகின் எடை எல்லாவற்றையும் கொடுத்துத் தயாரிப்பாளரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். பிறகு டீசல், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏற்றிய நிலையில் முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் தகட்டில் 3,600 சுற்று என்று போட்டிருக்க, 3,200-ஐத் தாண்ட மாட்டேன் என்று கறும்புகை விட்டால் பிட்ச் அதிகம். வேகத்தையும் அளக்கப் போகிறீர்கள் என்றால் நீரோட்டத்தோடு ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை ஓடிச் சராசரி எடுங்கள். எதிர்க்கரையிலுள்ள மாந்துவா பக்கம் போகும்போது மட்டும் அளந்துவிட்டு வேகம் இரண்டு நாட் (மணிக்கு இரண்டு கடல்மைல்) கூடிவிட்டது என்று ஒருவர் என்னிடம் சத்தியம் செய்தார். திரும்பி வரும்போது அளக்கவே இல்லை.

சில்லறை விஷயங்கள்: இறக்கையில் ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசைச் சுரண்ட உளி வேண்டாம், பிளாஸ்டிக் தகடு போதும். பழைய பெயின்ட்டை உரிக்கும் ரசாயனம் பிசினையும் கெடுக்கும். செம்பு கலந்த அடிப்பெயின்ட்டை நேரடியாகப் பூச வேண்டாம். பயணிகளை ஏற்றும் படகு என்றால் பங்காவை மாற்றுவதற்கு முன்பே, படகைச் சோதித்துச் சான்று தரும் சர்வேயரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பழைய வெண்கலப் பங்காவை விற்றுவிடாதீர்கள். அண்ணாச்சி தாருகானாவில் எடைக்குப் போட்டுவிட்டார்; நல்ல விலைதான் கிடைத்தது. பிப்ரவரியில் கார்பன் இறக்கை ஒன்று மரக்கட்டையில் பட்டு 'பொத்' என்றபோது, மாற்று இறக்கை வெளிநாட்டிலிருந்து வந்து சுங்கம் தாண்ட ஏழு வாரம் ஆயிற்று. கார்பன் பங்காவைப் பிடிவாதமாக அதே எடைக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார் அண்ணாச்சி. அவர் அதைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, "இதை யார் வாங்குவார்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.