இசைத்தட்டு இறாக்கை: காசு வீணாகும் இடங்கள்

வயர் மாறிப் பூட்டுவது, தூசி தட்டாமல் விடுவது எல்லாம் ஒரு வாரத்தில் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். இங்கே சொல்லப்போவது டர்ன்டேபிளும் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) அம்ப்ளிபயரும் வைக்கும் இறாக்கையில் காசைத் தின்னும் தவறுகளை.

ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே இறாக்கையில்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றில் ஒரு தம்பி. நீளமான அலுமாரி, நடுவில் டர்ன்டேபிள், இரு பக்கமும் ஸ்பீக்கர். சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடுகிறது. "ரயில்தான் அண்ணை, கரையோர லைன் பக்கத்திலேயே போகுதே" என்றார். அதை நம்பி டர்ன்டேபிளுக்கு அடியில் வைக்கும் நான்கு ரப்பர் கால்களுக்கு அம்ப்ளிபயர் விலையில் பாதியைக் கொடுத்திருந்தார்.

ரயில் எதுவும் போகாத நேரம் பார்த்து, தட்டைச் சுழலவிடாமல் ஊசியை மட்டும் அதன்மேல் இறக்கி, சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டச் சொன்னேன். அலுமாரியை விரலால் தட்டியதும் ஸ்பீக்கரில் 'தொம்' என்றது. இன்னும் கொஞ்சம் கூட்டியதும் ஊளை ஆரம்பம். ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியாக ஊசிக்குப் போகிறது. ஊசி அதையும் பாட்டு என்றே எடுத்து அம்ப்ளிபயருக்கு அனுப்புகிறது. அது பெருகித் திரும்ப ஸ்பீக்கருக்கே வருகிறது. ஸ்பீக்கர்களை இறக்கித் தனி ஸ்டாண்டில் வைத்தோம். ஊளை போயே போய்விட்டது.

அப்போ அந்த ரப்பர் கால்கள் ஏன் உதவவில்லை? பாரம் ஏறும்போது கால் எவ்வளவு அமுங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங்கின் சொந்த அதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம்) சுமார் 5 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 5 தடவை. 2.5 மில்லிமீட்டர்தான் அமுங்கினால் 10. அந்த அதிர்வெண்ணின் 1.4 மடங்குக்கு மேல்தான் அதிர்வு குறையத் தொடங்கும். அதன் அருகில் குறையாது, கூடும். டோன் ஆர்மும் (ஊசியைத் தாங்கும் கை) அதன் நுனியில் ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஆடும் அதிர்வெண் வழக்கமாக 8 முதல் 12 ஹெர்ட்ஸ். 10 ஹெர்ட்ஸ் காலை வைத்தால் எரிகிற இடத்திலேயே எண்ணெய் ஊற்றியதாகும். பாரம் பார்க்காமல் கால் வாங்காதீர்கள். கடைக்காரர் எத்தனை கிலோவுக்கு என்று சொல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

கூர் முனைகள்

இறாக்கையின் காலடியில் பூட்டும் இரும்பு முனை அதிர்வை நிறுத்தாது, இறாக்கையை நிலத்தோடு இறுகப் பிடிக்கும். டைல்ஸைக் கீறும்.

நிலத்தைப் பார்க்காமல் வாங்குவது

கொங்கிரீட் நிலத்தில் நடந்தால் ஊசி துள்ளுவது அபூர்வம். பலகைத் தளம் போட்ட பழைய மேல்மாடிகளில் அது வழக்கம். அங்கே எத்தனை பாரமான இறாக்கை வாங்கினாலும் தளத்தோடு சேர்ந்து ஆடும். செங்கல் சுவரில் தாங்கி அடித்துப் பலகை வைப்பதே மலிவான வழி.

சிப்போர்ட்

மரத்தூளையும் சீவலையும் பசையில் அழுத்திச் செய்த பலகை. கொழும்பு ஈரத்தில் ஊதும், ஆணி பிடிக்காது. மொறட்டுவையில் ஒரு தச்சரிடம் நல்ல மரத்தில் செய்விப்பதே மேல். பின்பக்கம் மூட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அழகுக்கென்று பிளைவுட் அடித்துவிடுவார்கள், உள்ளே அம்ப்ளிபயர் வெந்து போகும்.

சிடி பிளேயருக்கு விலைகூடிய கால்கள்

வேண்டாம்.

மட்டம்

ரசமட்டத்தை இறாக்கையில் அல்ல, டர்ன்டேபிளின் தட்டு சுழலும் மேடையிலேயே வைத்துப் பாருங்கள். புது மர இறாக்கை என்றால் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை.