கடலூர்–புதுச்சேரி ஓடும் பைக்குக்கு மைலேஜ் பார்ப்பது எப்படி?

என் மாமா மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறவர். எல்லை தாண்டினால் பெட்ரோல் விலை குறைவு என்பதால் பல வருடமாக அந்தப் பக்கத்தில்தான் போடுவார். வண்டி ரிசர்வில் விழுந்ததும் 200 ரூபாய்க்கு. மறுபடி ரிசர்வ் விழுந்ததும் இன்னொரு 200. ஒரு மாதம் ஏதோ காரணத்தால் கடலூரிலேயே போட வேண்டி வந்தது. "105 கிலோமீட்டர் ஓடின வண்டி நூறோட நிக்குதுடா, என்னமோ கோளாறு" என்று மெக்கானிக்கிடம் விட்டு, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து வாங்கி வந்தார். அப்புறமும் அதே நூறுதான்.

வண்டியில் ஒன்றுமே இல்லை. கணக்குக்காகக் கடலூரில் லிட்டர் 100 ரூபாய், புதுச்சேரியில் 95 என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 ரூபாய்க்கு இங்கே சரியாக 2 லிட்டர், அங்கே 2.105 லிட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டி அந்தக் கூடுதல் பெட்ரோலில் இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓடத்தானே செய்யும்! நம் ஊர்க்காரர்கள் மைலேஜை ரூபாயில் கணக்கிடவே கூடாது. லிட்டர், கிலோமீட்டர் இரண்டும் போதும்.

முதல் வேலை: டேங்கை நிரப்புவது

காலையிலோ மாலையிலோ, வழக்கமாகப் போகும் ஒரே பங்கில், முடிந்தால் ஒரே மெஷினில் நிரப்புங்கள். வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் டேங்கும் நிமிர்ந்த டேங்கும் ஒரே அளவு பிடிக்காது.

நிரப்புவதில்தான் தப்பு அதிகம் நடக்கும். நாசில் ஒருமுறை 'டக்' என்று தானாக நின்றதும் வண்டியை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே தங்கிய காற்று குமிழியாக வெளியே வந்து, மட்டம் கீழே இறங்குவது கண்ணுக்கே தெரியும். மறுபடி மெதுவாக ஊற்றச் சொல்லி, மூடிக்குக் கீழே உள்ளே தெரியும் தகடு வரை வந்ததும் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் அதே தகடுதான் அடையாளம். அதற்கு மேல் விளிம்பு வரை ஊற்ற வேண்டாம். வெயிலில் பெட்ரோல் விரிந்து வழியும்.

பங்கில் இருப்பவர் 487 ரூபாயை 500 ஆக்கிவிடப் பார்ப்பார். "அண்ணா, ரவுண்டு பண்ண வேணாம், அப்படியே நிறுத்துங்க" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனில் பணம் கட்டினால் சில்லறைப் பிரச்சினையும் இல்லை.

டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அது இல்லாத வண்டியில் ஓடோமீட்டர் எண்ணைப் போட்டோ எடுத்து வைத்தால் போதும்.

அடுத்து: ஓட்டுங்கள், எழுதுங்கள்

டேங்கில் பாதிக்கு மேல் தீரும்வரை வழக்கம்போல ஓட்டுங்கள். மைலேஜ் பார்க்கிறோம் என்று நாற்பதிலேயே உருட்டினால், அது அந்த வாரத்து மைலேஜ் மட்டும்தான். நடுவில் கொஞ்சம் பெட்ரோல் போட்டாலும் பரவாயில்லை. பில்லில் இருக்கும் லிட்டரை இரண்டு தசமத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் போட்டதெல்லாம் அடுத்த ஃபுல் டேங்க் அளவோடு சேர வேண்டும்.

ஏன் பாதி டேங்க்? தகடு வரை நிரப்புவதில் 100 மில்லி கூடக் குறைய ஆகிவிடும். 2 லிட்டர் நிரப்பினால் அந்த 100 மில்லி 5 சதவீதப் பிழை. 8 லிட்டர் என்றால் ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

மீண்டும் அதே தகடு வரை நிரப்பியதும் கணக்கு: ஓடின கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். என் நோட்டில் ஒரு பக்கம்:

287.4 கி.மீ. – நடுவில் 1.05, ஃபுல்லுக்கு 4.62, மொத்தம் 5.67 லிட்டர் – 50.7
312.0 கி.மீ. – 5.58 லிட்டர் – 55.9 (பெரும்பாலும் புதுச்சேரி ரோடு)
164.2 கி.மீ. – 3.71 லிட்டர் – 44.3 (ஊருக்குள்ளேயே)

இதில் சராசரி எடுக்கும்போது மூன்று வரியின் மைலேஜ் எண்களையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள், 50.3 வரும், அது தப்பு. மொத்த கிலோமீட்டர் 763.6, மொத்த லிட்டர் 14.96. வகுத்தால் 51.0. அதுதான் இந்த வண்டியின் மைலேஜ். ஒரே ஒரு நிரப்பலை வைத்து 56 என்றோ 44 என்றோ சொல்லியிருந்தால் எவ்வளவு தள்ளிப் போயிருக்கும்!

ஒப்பிடுவது

சர்வீஸுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டுமா? முன்னே மூன்று ஃபுல் டேங்க், பின்னே மூன்று. டயர் காற்று இரண்டு முறையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். எவ்வளவு என்று பெரும்பாலும் வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கும். டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்த வாரத்தையும் தனியாகப் போன வாரத்தையும் எதிரெதிரே வைக்கக் கூடாது.

அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று போகும் நம் ரோட்டில் மதியத்துக்கு மேல் கடல்காற்று பிடித்துக்கொள்ளும். எதிர்காற்று எஞ்சினுக்கு ஏற்றம் மாதிரி. அதனால் ஒருவழிப் பயணத்தை நம்பாதீர்கள். போனது, வந்தது இரண்டும் ஒரே கணக்கில் இருக்கட்டும்.

இரண்டு வேறு வண்டிகளை ஒப்பிட்டால் மீட்டரையும் சோதிக்க வேண்டும். மெயின் ரோட்டுக் கிலோமீட்டர் கற்களில் பத்து கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். டிரிப் மீட்டர் 10.4 காட்டினால் அந்த வண்டி 4 சதவீதம் கூடச் சொல்கிறது, தூரத்தை 1.04 ஆல் வகுத்துவிட்டுத்தான் மைலேஜ் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. 40 கொடுத்த வண்டி 50 கொடுத்தால் நூறு கிலோமீட்டருக்கு 500 மில்லி மிச்சம். 60 கொடுத்தது 70 ஆனால் மிச்சம் சுமார் 240 மில்லிதான். இரண்டும் 'பத்து கூடுச்சு' என்றுதான் கேட்கும். வண்டி மாற்றும் முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் தண்ணீர் நின்று முதல் கியரிலேயே ஊர்ந்திருப்பீர்கள். அந்த வரிகளுக்குப் பக்கத்தில் 'மழை' என்று எழுதி, தை மாத வரிகளோடு சேர்க்காமல் வையுங்கள். மாமா இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார். பெட்ரோல் எந்தப் பக்கம் போட்டாலும் அவர் வண்டி 50, 51 என்றே நிற்கிறது.